கத்திப் பிடியால் திருத்திய புத்தகம்

மிஸ்,

இன்று காலை பேத்தி சிவப்புப் பென்சிலைச் சீவினாள். சீவல் சுருண்டு மேசையில் விழுந்தது. அந்த மர வாசனை மூக்கில் ஏறியதும், போஞ்சி வெட்டிக்கொண்டிருந்த என் கை தன்பாட்டில் கத்தியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது. பிடி கீழே, அலகு மேலே. யாரோ வாசிக்கப் போகிறார்கள், நாம் தட்ட வேண்டும் என்று கைக்கு ஒரு நினைப்பு. யாரும் வாசிக்கவில்லை. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

அழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் தம்பி மகன் மேல் கொஞ்சம், உங்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

போன சனிக்கிழமை அவர் கலஹாவுக்கே வந்தார். எங்கள் மகன் வீட்டு வாசலில் கார் நிற்க இடமில்லை. தேயிலை றோட்டில் விட்டுவிட்டுக் குடையோடு ஏறி வந்தார். நீங்கள் இங்கிலீஷில் எழுதிய புத்தகம் இருக்கிறதே, எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இலக்கணமும் புள்ளி கமாவும் சொல்லித் தரும் அந்தப் பச்சை அட்டைப் புத்தகம், அதை மறுபடியும் அச்சுப் போடப் போகிறாராம். முதல் புத்தகம் வந்த பிறகு, அதை எழுதிய அதே கொப்பியில் நீங்கள் எழுதிச் சேர்த்த பக்கங்கள் அவருக்கு வேண்டுமாம். அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. இருக்கிறது, மிஸ். அலுமாரியில், என் கூறைச் சேலைக்குக் கீழே இருக்கிறது. நீங்கள்தான் தந்தீர்கள்.

"கொப்பியத் தாங்க அம்மா. ஏழாம் பாடத்த மட்டும் எடுத்துட்டு, மத்ததெல்லாம் அப்படியே போடுறம்" என்றார்.

ஏழாம் பாடம் எது என்று எனக்கு இங்கிலீஷ் தெரியாமலே தெரியும். அது என் பாடம்.

அது எப்படி வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது. உங்கள் அம்பிட்டிய வீட்டுக்கு நான் சமைக்க வந்து மூன்றாவது மாதம். மழை. நீங்கள் குசினி மேசையின் அந்தப் பக்கம் கதிரையில் உட்கார்ந்து, எழுதியதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தீர்கள். முன்னறையில் உட்கார்ந்து எழுதினால் கால் குளிரும் என்று அடுப்புப் பக்கம் வருவீர்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் காது மூடிக்கொள்ளுமா? நீங்கள் வாசிக்கிறீர்கள், வாசிக்கிறீர்கள், நிறுத்தவே இல்லை. என்னை அறியாமல் கத்திப் பிடியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன்.

"என்னத்துக்குத் தட்டினீங்க?" என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தீர்கள்.

"மூச்சு விடுங்க மிஸ். கேக்குற எனக்கே நெஞ்ச அடைக்குது."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நீங்கள் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினீர்கள். முப்பத்து மூன்று வருடம் பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்த மனுஷி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அல்லாவே, ஒன்பது வரிக்கு ஒரு ஃபுல்ஸ்டொப் இல்ல! நான் புள்ளயளுக்குச் செல்லிக் குடுக்கப் போறன் ஃபுல்ஸ்டொப் வெக்க!"

அன்றிலிருந்து அது நம் வழக்கமாகிவிட்டது. நீங்கள் எழுதுவீர்கள், வாசிப்பீர்கள். நான் காய் நறுக்கிக்கொண்டு கேட்பேன். மூச்சு முட்டினால் ஒரு தட்டு. கேட்டுக்கொண்டிருந்த மனம் வேறெங்காவது போய்விட்டால் இரண்டு தட்டு. ஒரு தட்டுக்கு நீங்கள் சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் குறி போடுவீர்கள். இரண்டு தட்டுக்கு முழு வரியையும் அடிப்பீர்கள். சில நாள் கோபம் வரும் உங்களுக்கு. "இந்த வரி எனக்கு விருப்பம், தட்டாதீங்க" என்பீர்கள். "விருப்பம்னா வச்சிக்கிங்க, எனக்கு என்னா. ஆனா என் மனசு அடுப்புப் பக்கம் போயிருச்சு" என்பேன். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அந்த வரி அடிபட்டிருக்கும்.

சொல் விளங்காமல் எப்படித் தட்டினாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்கிறேன். பதினான்கு வயதிலிருந்து தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமந்தவள் நான். முன்னால் ஏறுகிற பெண்ணின் கழுத்தைப் பார்த்தாலே கூடையில் பாரம் கூடிவிட்டது தெரியும். உள்ளே என்ன கொழுந்து என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. குரலும் அப்படித்தான். தாங்காததைத் தூக்கிக்கொண்டு வந்தால் கேட்டுவிடும்.

படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அதுவும் வந்தது. "அம்மா எது வரைக்கும் படிச்சீங்க?" என்று உங்கள் தம்பி மகன் கேட்டார். ஐந்தாம் வகுப்பு வரை என்றேன். தலையைக் குனிந்து சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. நான் முடிக்கவில்லை, பள்ளிக்கூடம்தான் முடிந்தது. அந்த ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த இருபது வீட்டுக்கு நான்தான் கடிதம் வாசித்தேன். இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் எழுதும் கடிதம். ஒன்றிலும் புள்ளி இருக்காது. பிள்ளை பிறந்ததும் மாமனார் செத்ததும் மழை பெய்யாததும் ஒரே ஓட்டமாக வரும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முகம் சொல்லித் தந்தது.

இதை உங்களிடம் சொன்ன அன்றுதான் ஏழாம் பாடத்தை எழுதினீர்கள். எழுதி முடித்துத் தமிழில் சொன்னீர்கள்: "எழுதினத, உங்கட பெரிய சொல்லு தெரியாத ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டுங்க. அவங்கட முகம் பாருங்க. ஃபுல்ஸ்டொப் அங்கதான் ஈக்குது."

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வருவார்கள். எழுத வேண்டும், பத்திரிகையில் வர வேண்டும், இங்கிலீஷில் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசையோடு மடுல்கெல்லவிலிருந்தும் பேராதனையிலிருந்தும் பஸ்ஸேறி வருவார்கள். நீங்கள் அவர்களைக் கொஞ்சமாவா பாடுபடுத்தினீர்கள்? ஆச்சரியக் குறி மூன்று போட்டு வந்த பிள்ளையிடம், "என்ன, மீன் விக்கிறீங்களா?" என்றீர்கள். நேற்று நடந்த கதையை நடுவில் இன்று நடப்பதாக மாற்றி, திரும்பவும் நேற்றுக்குப் போனவரிடம், "வாசிக்கிறவன பஸ்ஸுல ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, அவன் வீட்டுக்கே பெய்த்திருவான்" என்றீர்கள். கமாவை உப்புப் போலத் தூவாதே, 'மிகவும்' என்ற சொல்லை ஒரு பக்கத்தில் இரண்டாவது தரம் கண்டால் அடித்துவிடு, செய்தவன் யார் என்று மறைக்காமல் வாக்கியத்தின் முன்னால் நிறுத்து. எல்லாம் எனக்குப் பாடம். எனக்கு எழுதத் தெரியாத மொழியின் இலக்கணம் முழுவதும் நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டது.

சுகந்தி வந்தது அப்படி ஒரு சனிக்கிழமைதான். கலஹா பிள்ளை, பேங்கில் வேலை. பிளேன்டீயை வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். அது மூன்று பக்கம் வாசித்தது. நான் இரண்டு தரம் இரட்டைத் தட்டுத் தட்டினேன். பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

"இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா மிஸ்?"

"தெரியா. அதனாலதான் இவங்களுக்கு வாசிக்கச் செல்றன். தெரிஞ்சவங்க மரியாதைக்குத் தலையாட்டுவாங்க."

நான்காவது பக்கம் வாசித்தபோது என் கத்தி நின்றது. தட்டவில்லை, நறுக்கவும் இல்லை. சுகந்தியின் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. வாசித்து முடித்ததும், "என்னா அது?" என்று நானே கேட்டேன். சவூதிக்கு வேலைக்குப் போன அம்மா போனில் பேசும்போது பின்னால் கேட்கும் யாரோ ஒரு குழந்தையின் அழுகை பற்றியது என்றது. நீங்கள் அந்த மூன்று பக்கத்தையும் எடுத்து மடித்து அதன் கையிலேயே கொடுத்தீர்கள். "கத இங்கதான் தொடங்குது புள்ள."

இப்போது சனிக்கிழமைகளில் சுகந்திதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் குசினிக்கு வருகிறது. ஐந்து பேர். அவர்கள் வாசிக்கிறார்கள், நான் தட்டுகிறேன், சுகந்தி ஏன் என்று சொல்லிக் கொடுக்கிறது. அந்த ஐந்து பேருக்கு நடுவில்தான் உங்கள் தம்பி மகன் ஈரக் குடையோடு வந்து உட்கார்ந்தார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. உங்கள் மூக்கு அவருக்கு. கதைக்கும்போது உங்களைப் போலவே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "ஏழாம் பாடத்துல குசினி, கத்தி, போஞ்சி எல்லாம் வருது. இப்பத்த பிள்ளயளுக்கு அது சரிவராது அம்மா. கமா எங்க போடணும்னு கம்ப்யூட்டரே செல்லிக் குடுக்கும்" என்றார்.

"அதுக்கு மூச்சு வாங்குமா தம்பி?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. ஏழாம் பாடத்துக்குப் பதிலாகத் தானே எழுதிய ஒரு பக்கத்தைப் பையிலிருந்து எடுத்தார். "இதப் பாருங்க சுகந்தி, எவ்வளவு தெளிவா ஈக்குதுன்னு."

"பாக்க வேணாம், வாசிங்க" என்றேன். கத்தியை நிமிர்த்திக்கொண்டேன்.

வாசித்தார். முதல் வரி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் ஏறினார், ஏறினார், கொண்டை ஊசி வளைவில் லொறி ஏறுவது போல முக்கிக்கொண்டு ஏறினார். தட்டினேன். நிறுத்தவில்லை. மறுபடி தட்டினேன். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டது.

"தண்ணி குடிங்க தம்பி" என்று கிளாஸை நகர்த்தி வைத்தேன்.

குடித்தார். பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி. பாடம் இருக்கட்டும்" என்றார். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

இந்த இடத்தில்தான் மிஸ், எனக்கு என் மேல் கோபம்.

முதல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் கொப்பியின் முதல் பக்கத்தை என் முன்னால் திறந்து வைத்தீர்கள். மேலே இங்கிலீஷில் உங்கள் பெயர். அதற்குக் கீழே, எனக்கு விளங்க வேண்டும் என்று தமிழில், 'கேட்டவர்: ராமாயி'. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "வேணாம் மிஸ். அஞ்சாம் வகுப்புக்காரி பேர இங்கிலீஷ் புத்தகத்துல போட்டா படிச்சவங்க சிரிப்பாங்க. உங்க பேருக்கும் கொறச்சல்" என்றேன். நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். நான் அசையவில்லை. கடைசியில் சிவப்புப் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டீர்கள். "நான் அடிக்க மாட்டன். அடிக்கணும்னா நீங்களே அடிங்க."

அடித்தேன். என் பெயரை என் கையால், நேர் கோடாக அடித்தேன். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. ரொட்டியைத் தொடாமல் பிளேன்டீ மட்டும் குடித்தீர்கள். புத்தகம் என் பெயர் இல்லாமலே வந்தது. ஊரெல்லாம் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். நானே அழித்ததற்கு நான் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் தம்பி மகனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பார்த்தார். "அடிச்சிருக்கே அம்மா."

"நான்தான் அடிச்சேன்."

"அப்ப என்ன செய்யிறது? மாமி கடைசியா ஒத்துக்கொண்டதுதானே அச்சுல வந்தது. அதோட..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறை நினைக்காதீங்க. படிச்சவங்க சிரிப்பாங்க."

என் வாயிலிருந்து போன அதே சொல், மிஸ். இத்தனை வருடம் கழித்து, உங்கள் மூக்கு வைத்த ஒரு முகத்திலிருந்து திரும்பி என்னிடமே வந்தது. அப்போதுதான் அது எவ்வளவு அசிங்கமான சொல் என்று காதில் விழுந்தது. நீங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் அப்போதுதான் விளங்கியது.

சுகந்தி கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தது. "ராமாயிம்மா, இந்தப் புள்ளியெல்லாம் யாரு வச்சது?"

என் பெயருக்குக் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். கோணல் மாணலாக, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உங்கள் கடைசி மாதம். கரண்டி பிடிக்கவே கை நடுங்கிய நாள்களில் ஒரு பகல், "அந்தக் கொப்பியத் தாங்க. பென்சிலயும் சீவித் தாங்க" என்றீர்கள். சீவித் தந்தேன். கட்டில் முழுக்க இந்த மர வாசனைதான். நீங்கள் குனிந்து என்னமோ குத்திக்கொண்டிருந்தீர்கள். பிறகு கொப்பியை மூடி, "இது உங்களுக்கு. யாருக்கும் சும்மா குடுத்திராதீங்க" என்றீர்கள். திறந்து பார்த்தேன். கை நடுக்கத்தில் பென்சில் பட்ட புள்ளி என்று நினைத்து மூடிவிட்டேன்.

"கை நடுக்கம்" என்றேன்.

"இல்ல ராமாயிம்மா" என்றது சுகந்தி. பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை உங்கள் தம்பி மகன் முன்னால் விரித்தது. அச்சுக்குப் போகும் தாளில் திருத்துகிறவர்கள் போடும் குறிகளை நீங்கள் வரிசையாகக் கொடுத்திருக்கும் பக்கம். விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தியது. "நீங்களே வாசிங்க சேர். தமிழ்ல சொல்லுங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் மெதுவாக வாசித்தார். அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்தால், அடித்தது தவறு, சொல் இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம்.

அவர் கொப்பியைத் தொட்டார், புள்ளிகளை ஒவ்வொன்றாக. "மாமிட கைதான்" என்றார்.

நான் கொப்பியை வாங்கி மூடினேன். அழுகை வரப் பார்த்தது, அதை உள்ளேயே நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "தம்பி, மொதப் பக்கம் அச்சாகி வரணும். மிஸ் பேரு மேல, என் பேரு கீழ, ரெண்டும் ஒரே அளவு. அந்தத் தாள் என் கைக்கு வந்தாத்தான் கொப்பி கைக்கு வரும். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். சிரிச்சிட்டு ஒரு பக்கம் எழுதி என்கிட்ட வந்து வாசிக்கட்டும்."

"அச்சகத்துல கதைச்சுப் பார்க்கிறன் அம்மா" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் என்ன? கொப்பி சேலைக்கடியில் இருக்கிறது, அலுமாரிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. என் பெயர் இல்லாமல் அந்தப் புத்தகம் வெளியே வந்தால், கண்டி டவுனில் அதை விற்கும் கடை கடையாக ஏறுவேன். ஒவ்வொன்றாகத் திறந்து சிவப்புப் பென்சிலால் எழுதுவேன். கிழவி புத்தகத்தைப் பாழாக்குகிறாள் என்று கத்தட்டும். 'இருக்கட்டும்' என்று நீங்கள் உங்கள் கையால் சொன்னதை இனி யாரும் அடிக்க முடியாது. நான்கூட அடிக்க முடியாது.

உங்கள் மேல் ஏன் கொஞ்சம் கோபம் என்றால், புள்ளி வைத்தபோதே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பேசாமல் இருந்த மனுஷி, இதையும் பேசாமலே செய்துவிட்டுப் போனீர்கள். உங்களைக் குளிப்பாட்டி வெள்ளை சுற்றிச் சந்தூக்கில் வைத்து ஆண்கள் தோளில் ஏற்றி அம்பிட்டிய இறக்கத்தில் கொண்டுபோக, பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கம் உங்களில் இல்லாததால் நான் குசினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பின்கதவுக்கு ஓடி, அங்கிருந்தும் தெரியாமல் மதிலோரக் கல்லில் ஏறி நின்று, வெள்ளைத் தொப்பிகள் ஒவ்வொன்றாக வளைவில் மறைய மறைய, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றிக் கேத்தல் அடி கருகும் வாசனை வரும் வரைக்கும், அந்த வெறும் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சொல்ல ஒன்றும் வரவில்லை. இன்று வந்திருக்கிறது.

இந்த மடலைப் பேத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பலகையும் கத்தியுமாக உட்கார்ந்து கேட்டேன். நான்கு இடத்தில் மூச்சு முட்டியது, நான்கு தட்டுத் தட்டினேன். மூன்றை உடைத்துச் சரியாக்கிவிட்டோம். நான்காவது, நீங்கள் அம்பிட்டிய இறக்கத்தில் போகும் வாக்கியம். "ரொம்ப நீளம் ஆயா, நீங்களே தட்டினீங்க" என்று பேத்தி சிவப்புப் பென்சிலால் அதை அடித்துவிட்டாள்.

நான் பென்சிலை வாங்கினேன். அடித்த வரிக்குக் கீழே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் புள்ளி வைத்தேன்.

ராமாயி